ஒரு சாலைக்கு யார் பெயர்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பார்வை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் யாராவது ஒருவர், "இந்தச் சாலைக்கு நம்ம ஆள் பெயரை வைக்கலாமே" என்று சொல்லிவிட்டால் போதும், ஒட்டுக்கடையில் ஆரம்பித்து கோயில் கமிட்டி, வாட்சாப் குழு என்று நாள் கணக்கில் அதே பேச்சுதான். ஒரு பக்கம், ஊருக்காக உழைத்தவருக்கு ஒரு பலகைகூடக் கிடையாதா என்று கேட்பார்கள். இன்னொரு பக்கம், என் வீட்டு முகவரியை யாரைக் கேட்டு மாற்றுகிறீர்கள் என்பார்கள். தேர்தல் நெருங்கும்போதும், ஊர்ப் பெரியவர் ஒருவர் மறையும்போதும் இந்தப் பேச்சு மறுபடி தலைதூக்கும். கொஞ்ச நாளில் ஆளுக்கொரு மனக்கசப்போடு அடங்கிவிடும்.

இதை வெறும் இனப் பிரச்சினை என்றோ, வேலையற்றவர்களின் வம்பு என்றோ ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சண்டை உண்மையானது. ஆனால் எந்தப் பெயர் என்பதைவிட, அதை யார், எப்போது, யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்பதில்தான் அதன் வேர் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் பெயர் மாற்றம் ஒரு பெரிய அலையாக வந்தது. கோலாலம்பூரில் பத்து ரோடு ஜாலான் (மலாயில் சாலை) துவாங்கு அப்துல் ரகுமான் ஆனது, ஹை ஸ்திரீட் ஜாலான் துன் எச்.எஸ். லீ ஆனது, மவுண்ட்பேட்டன் ரோடு ஜாலான் துன் பேராக் ஆனது. பேர்ச் ரோடு ஜாலான் மகாராஜாலேலா ஆனது இன்னும் அழுத்தமான மாற்றம். 1875-இல் பாசிர் சாலாக்கில் பேராக்கின் ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக ஆங்கிலேயர் வைத்த அதிகாரி, பேர்ச் கொல்லப்பட்ட வழக்கில் ஆங்கிலேயர்கள் தூக்கிலிட்ட மனிதரின் பெயரை, பேர்ச் பெயர் தாங்கிய அதே சாலைக்கு வைத்தார்கள். ஊர்களே பெயர் மாறின. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது, தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன் ஆனதும் இந்த வரிசையில் வந்ததுதான்.

அந்த மாற்றங்களில் யாருக்கு நஷ்டம்? பெயர் இழந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களுக்காக வாதாட இங்கே யாரும் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் மேலிருந்து வந்த முடிவுகள் பெரிய தகராறு இல்லாமல் ஏற்கப்பட்டன என்று நினைக்கிறேன். இன்றைக்கு நிலைமை வேறு. அழிக்க வேண்டிய அந்நியர் பெயர்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன, மிச்சம் இருப்பது நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறந்ததிலிருந்து சொல்லி வந்த பெயர்கள். இப்போது ஒரு புதுப் பெயர் வைத்தால் அது யாரோ ஒரு உள்ளூர்க்காரரின் வாயிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்குகிறது.

2009-இல் கோலாலம்பூர் சாப்பாட்டுத் தெருவான ஜாலான் அலோருக்கு ஜாலான் கெஜோரா என்று பலகை வைத்தார்கள். கெஜோரா என்பது யாருடைய பெயரும் இல்லை, யாரையும் புண்படுத்தும் சொல்லும் இல்லை, ஆனாலும் எதிர்ப்பு கிளம்பியது, பழைய பெயரே திரும்ப வந்தது. 2014-இல் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனது, ஜாலான் டூத்தா ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் ஆனது. பலகை மாறினாலும் டாக்சிக்காரரும் கடைக்காரரும் பழைய பெயரை விடவில்லை. பினாங்கில் கிரீன் லேன் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி ஆகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்றும் வழி கேட்டால் கிரீன் லேன் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலேயர் மேல் உள்ள பாசத்தால் அல்ல. ஒரு பெயர் ஒரு தலைமுறையின் நாக்கில் ஏறிவிட்டால் எந்த அரசாங்க உத்தரவும் அதை லேசில் இறக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். சுங்கை சிப்புட்டில் உள்ளூர்ப் பெருமகன் யார் என்று கேட்டால் முதலில் வாயில் வருவது துன் வீ.தி. சம்பந்தன். 1919-இல் இந்த ஊரில் பிறந்தவர், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர். அமைச்சராக இருந்ததைவிட அவர் செய்த இன்னொரு வேலைதான் எங்கள் பாட்டி தாத்தா தலைமுறையின் நெஞ்சில் நின்றது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், லயத்தில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் போய் நின்றன. 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளிகளிடமே மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) வாங்கிச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது. தோட்டம் தோட்டமாகப் போய், காலையில் தொழிலாளிகள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று பேசி, நம் காசில் நம் தோட்டம் என்று நம்ப வைத்தார். கடன் வாங்கிப் பழகிய சனங்களிடம் பங்கு வாங்கச் சொல்லிச் சாதித்தது சின்ன விஷயமா?

ஆகவே அவர் பெயரை எங்கே வைத்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தலைநகரில் ஒரு பெரிய சாலையும் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும்போது, ஊருக்குள் வரும் ஒவ்வொரு புதுப் பரிந்துரையும் அவரைப் போன்ற கட்சித் தலைவர்களையே சுற்றிச் சுற்றி வர வேண்டுமா? சாலைப் பெயர் கேட்டு மனுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கட்சிக் கிளைகளும் அதைச் சார்ந்த அமைப்புகளும்தான். கட்சி கேட்டால் கட்சிக்காரர் பெயர்தான் வரும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் உடனே, "அப்போ எங்கள் ஆள்?" என்பார். 1974 முதல் 2008 வரை ம.இ.கா. என்ற ஒரே கட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு 2008-இல் அதே கட்சியின் தலைவரைத் தோற்கடித்த தொகுதி இது. இங்கே ஒரு அரசியல்வாதியின் பெயர், உயிரோடு இருந்தாலும் மறைந்தாலும், ஊரை இரண்டாகப் பிரிக்காமல் இருக்காது. ஐக்கிய நாடுகளின் இடப்பெயர் மாநாடு 2002-இல் பெர்லினில் கூடியபோது, உயிரோடு இருப்பவர்களின் பெயரை இடங்களுக்கு வைப்பதைத் தவிர்க்க வேண்டும், மறைந்தவராக இருந்தாலும் சில காலம் பொறுத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எங்கோ உட்கார்ந்து எழுதிய தீர்மானமாகத் தெரியலாம், ஆனால் எங்கள் ஊர் ஒட்டுக்கடையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

அப்புறம் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர்கள் இருக்கின்றன. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்தின் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒன்று எல்பில் தோட்டம். அதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க, மலாயா அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. சுங்கை சிப்புட்டை உலக வரலாற்றுப் புத்தகங்களில் ஏற்றியது அந்த ஒரு காலைப் பொழுதுதான். கொல்லப்பட்ட துரைகளுக்கு பத்து காஜா கல்லறைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது, நடக்கட்டும், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் அதே காலத்தில் தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகப் போராடி அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் இன்னொரு சங்கத் தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதி பெயரில் ஒரு சாலை வேண்டும் என்று கேட்கிறவர்களை நான் அறிவேன். கம்யூனிஸ்டுகளால் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களையும் அறிவேன், அவர்களில் தமிழர்களும் உண்டு. இவர்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காமல், அலுவலகத்தில் யாரோ ஒருவர் வேண்டும் அல்லது வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது எந்தப் பக்கம் போனாலும் புண்தான். தனிப்பட்ட முறையில், கணபதியின் பெயர் ஒரு நாள் பலகையில் வரவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் அது ஊர் பேசித் தீர்த்த முடிவாக வரவேண்டும்.

பெண்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. இருட்டோடு எழுந்து பால் மரம் (ரப்பர்) வெட்டியவர்களில் பெரும் பங்கு பெண்கள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவி, லயத்தில் பிரசவம் பார்த்தவள், இவர்களைத் தெரியாத தோட்டத்துக் குடும்பம் உண்டா? பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெண் பெயரைத் தேடிப் பாருங்கள். தோட்டப் பள்ளி வாத்தியார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர், சங்கத்துக்குச் சந்தா பிரித்தவர் எல்லாரும் இதே கதிதான். "உள்ளூர்ப் பிரமுகர்" என்ற தகுதிக்கு அரசாங்கப் பட்டம் வேண்டும் என்று நாமே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

தமிழருக்கு வெளியே வரும் எதிர்ப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1950-இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாமல் தடுக்க வந்த பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரத்திலிருந்து பிடுங்கப்பட்டு முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட சீனக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இதே பட்டணத்தில் கடை வைத்திருக்கிறார்கள். ஆற்றோரக் கம்போங்குகளில் (கிராமங்களில்) மலாய்க் குடும்பங்கள் தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. உள்ளே காட்டுப் பக்கம் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் பாட்டன்மார் உண்டு, அவர்களும் "எங்கள் பெயர் எங்கே" என்று கேட்பார்கள். அதைப் பகைமை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாம் கேட்கிற அதே கேள்விதான் அது.

பலகையில் என்ன எழுத்து என்பதும் தனிச் சண்டை. ஜார்ஜ் டவுனில் 2008 முதல் சில தெருக்களில் தமிழ், சீனம், ஆங்கிலம் என்று கூடுதல் பலகைகள் வைத்திருக்கிறார்கள், சுற்றுப்பயணிகள் நின்று படம் பிடிக்கிறார்கள். ஷா ஆலாமில் வைத்த சீன எழுத்துப் பலகைகளை 2018 இறுதியில் சிலாங்கூர் சுல்தானின் உத்தரவுப்படி மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்தில் சரியானது அடுத்ததில் சரியில்லை.

இனி முகவரிப் பிரச்சினை. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் ஒரு சாலையின் பெயர் மாறினால் என்னவெல்லாம் மாறும் என்று எண்ணிப் பார்க்கட்டும். அடையாள அட்டை, வாகன உரிமம், வங்கிக் கணக்கு, மின்சாரக் கட்டணச் சீட்டு, மதிப்பீட்டு வரி, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, கடை வைத்திருந்தால் வியாபாரப் பதிவும் பெயர்ப்பலகையும் ரசீதுப் புத்தகமும். பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டி இதற்காக எத்தனை கவுண்டரில் நிற்க வேண்டும்? பழைய முகவரிக்குப் போன கடிதம் எத்தனை நாள் அலையும்? கைபேசி வரைபடத்தில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர் என்று கிடக்கும்போது ஆம்புலன்ஸ் எந்தப் பெயரை நம்பும்? நம்மவர் பெயருக்கு எதிராகப் பேசுகிறார் என்று நாம் கோபப்படும் கடைக்காரர், உண்மையில் இதைத்தான் சொல்கிறார். அவரைத் துரோகி என்று குழுவில் எழுதியவர்கள் அவர் கடையில் கடன் வைத்திருப்பவர்கள்தான்.

இவ்வளவையும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமே, அது இல்லை. நம் சண்டையின் நடு நரம்பு இதுதான். சாலைப் பெயர் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது, சுங்கை சிப்புட்டுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். பெரிய பெயர்கள் மாநில அளவுக்கும் போகும். அந்தக் கழகத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் நம் ஓட்டில் வந்தவர்கள் இல்லை, மாநில அரசு நியமித்தவர்கள். எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1957-இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக வந்தவர் டி.எஸ். ராமநாதன், ஒரு தமிழர். தேர்தல் நடந்த மன்றத்திலிருந்து வந்தவர். பின்னாளில் பினாங்கில் ஸ்காட் ரோட்டுக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஈப்போவிலும் நகரமன்றத்தை டி.ஆர். சீனிவாசகத்தின் கட்சி தேர்தலில் வென்று நடத்தியது, இன்றும் டி.ஆர். பார்க் என்றால் ஈப்போவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

1965-இல், இந்தோனேசிய மோதலின்போது, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி நிர்வாகத்தை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் தொடர வேண்டும் என்று அந்த ஆணையம் சொன்னது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஜாலான் ஆதி நாகப்பன் என்ற சாலை இருக்கிறது. அந்த மனிதருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அவர் எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றுவது, பலகை அதற்கு அப்புறம்தான் என்பேன். ஓட்டுக் கேட்டு வரும் ஒரு கவுன்சிலர் இருந்தால் சாலையின் இரு பக்கமும் வீடு வீடாக நடந்து கேட்டிருப்பார், கேட்காவிட்டால் அடுத்த முறை தோற்பார். இப்போது அந்தப் பயம் யாருக்கும் இல்லை. முடிவு முடிந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது, அதனால்தான் கோபம் பெயர் மேல் திரும்புகிறது, பெயருக்கு உரியவர் பாவம், செத்த பிறகும் வசவு வாங்குகிறார்.

என் நிலைப்பாடு என்ன என்று கேட்டால், பழைய சாலையைத் தொடாதீர்கள், புதுச் சாலைக்குப் பெயர் கேளுங்கள். தோட்டப் பட்டணத்தில் புதுச் சாலைக்கா பஞ்சம்? தோட்டம் விற்கிறது, பால் மரமும் செம்பனையும் சாய்கிறது, தாமான் (குடியிருப்பு) எழும்புகிறது. தோட்டத்துக்குள் இருந்த பாதைகளுக்கு அரசாங்கப் பெயர் எதுவும் இருந்ததில்லை, கம்பெனிச் சொத்து. நாம்தான் ஆபீஸ் ரோடு, கோயிலடி, மேட்டு லயம், ஆஸ்பத்திரி லயம் என்று கூப்பிட்டோம். தாமான் வரும்போது அந்தப் பெயர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லாததால் சத்தமில்லாமல் போய்விடுகின்றன, பதிலுக்கு ஒரு பூவின் பெயரும் எண்ணும் வருகிறது.

தோட்டத்தின் பெயரே போய்விட்ட இடங்களில் அதைக் காப்பாற்றியது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிதான். பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தோட்டம் இல்லை, எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுபாங் ஜெயா பக்கம் சீஃபீல்டு தோட்டம் இல்லை, பள்ளியும் கோயிலும் அந்தப் பெயரைத் தாங்குகின்றன. எங்கள் வட்டாரத்திலும் எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று பள்ளிப் பெயர்களைச் சொன்னாலே தோட்டங்களின் வரைபடம் கிடைத்துவிடும். இவையும் வெள்ளைக்காரன் வைத்த பெயர்கள்தானே என்று ஒரு தம்பி கேட்டார். ஆமாம், வைத்தது அவன். நாலு தலைமுறை அதில் வாழ்ந்து, அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி உச்சரித்து, அந்தப் பெயரைச் சொல்லியே கல்யாணம் பேசியது நாம். எல்பில் தோட்டத்தான் என்று சொன்னால் அது எந்தத் துரையையும் குறிப்பதில்லை.

பெட்டாலிங் ஜெயாவின் ஜாலான் யுனிவர்சிட்டி, பேராசிரியர் உங்கு அஸீஸ் 2020-இல் மறைந்த பிறகு அவர் பெயரைப் பெற்றது. அவரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவே எல்லாருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும் அதனால் தொழிலாளிகள் பட்ட பாட்டையும் கணக்கெடுத்து ஆராய்ந்தவரும் அவர்தான். இதை அந்தச் சாலையில் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே பெயர் மட்டும் போதாது, யார், என்ன செய்தார் என்று பலகைக்குக் கீழே இரண்டு வரி வேண்டும். வாத்தியாருக்கும் டிரெசருக்கும் அந்த இரண்டு வரி இன்னும் அவசியம்.

நடைமுறையில் இதற்கு ஒரு நேரம் இருக்கிறது. தாமான் கட்டும் கம்பெனி, தாமான் பெயரையும் சாலைப் பெயர்களையும் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் பலகை இல்லை, முகவரி இல்லை, யாருடைய அடையாள அட்டையும் மாறாது, யாருடைய பழக்கத்தையும் பிடுங்கவில்லை. அப்போது தோட்டத்தில் பிறந்தவர்கள், பள்ளி வாரியம், கோயில் கமிட்டி, பக்கத்துக் கம்போங் தலைவர், கடைக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு பட்டியல் கொடுத்தால் மன்றம் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். அதில் ஒரு தமிழ் வாத்தியார் பெயர் இருக்கட்டும், சீனக் கடைக்காரர் ஒருவர் பெயரும் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் பெயரும் இருக்கட்டும், குறைந்தது இரண்டு பெண்கள் பெயர் இருக்கட்டும், லயத்தின் பெயர் ஒன்றாவது இருக்கட்டும். வீடு விற்று, சாவி கொடுத்து, முதல் மின்சாரச் சீட்டு வந்த பிறகு மனுவோடு போனால் மறுபடி அதே பழைய சண்டைதான். ஊரைச் சுற்றி எந்தத் தோட்டம் அடுத்து விற்பனைக்கு வரும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு மன்றத்துக்கு முன்பே தெரியும். பட்டியலை இந்த மாதமே எழுத ஆரம்பிக்கலாம்.